ஜெனரேட்டர் வாங்கும் சங்கங்களுக்கு

விக்கிரமங்கலம் வட்டாரத்து அங்கத்தினர்கள் சிலர், தூக்கிச் செல்லத்தக்க ஜெனரேட்டர் ஒன்றைச் சங்கத்தின் பணத்தில் வாங்கி வாடகைக்கு விடலாகாதா என்று நம்மைக் கேட்டனர். கேள்வி நியாயமானதே. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர்ப் பக்கமும், 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகை, தஞ்சைப் பக்கமும் மின்கம்பங்களைச் சாய்த்ததை, இரண்டுக்கும் நடுவே வாழும் நாம் மறந்துவிடவில்லை. கஜாவின்போது குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்றவும் வாடகை ஜெனரேட்டரை நம்பிய ஊர்கள் உண்டு. புயலில்லாத நாளிலும், கம்பி எட்டாத கொல்லையில் கொட்டகை போடுவோர்க்குத் துளையிடும் கருவியும் அறுக்கும் கருவியும் ஓடியாக வேண்டும். கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு என்பார் சிலர். தார் சுற்றும் மோட்டாருக்கும் தறிக்கு மேல் எரியும் விளக்குக்கும் வேண்டுமே!

ஆகவே வாங்கலாம் என்பதே நம் கருத்து. வாங்கும் முறையில்தான் நமக்கு மனக்குறை உண்டு. நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கம் ஒன்று மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, குறைந்ததை ஏற்று, தீர்மானமும் முறையாக எழுதி வைத்திருந்தது. இயந்திரம் வந்தது; விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஒரு குதிரைத்திறன் மோட்டாரை மாட்டியதும் உறுமி நின்றுவிட்டது. பதிவேட்டில் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. குறைந்த விலையைப் பார் என்று சங்கங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நம் போன்ற ஆய்வாளர்களே என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அது மோட்டார் தரும் வேலையின் அளவு. ஓடும்போது அது வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய 1,000 வாட் ஆகிவிடும். கிளம்பும் அந்தக் கணத்திலோ ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பாரவண்டியை நிலையிலிருந்து நகர்த்தும்போது மாடு படும் பாடு, ஓடும் வண்டியில் இல்லை அல்லவா? கையில் பிடித்துத் துளையிடும் கருவி அவ்வளவு கேட்பதில்லை. 600 வாட் கருவிக்கு 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாராளம். நீரேற்றும் மோட்டாருக்கும் காற்றழுத்தும் இயந்திரத்துக்கும் ஓடும் அளவைப் போல மூன்று மடங்காவது வேண்டும். மேலும் கே.வி.ஏ. என்று எழுதியிருப்பதைக் கிலோவாட் என்று கொள்ளலாகாது, 5 கே.வி.ஏ. என்பது பெரும்பாலும் 4 கிலோவாட்தான். சில பெட்டிகளில் சிறிது நேரமே தாங்கும் உச்ச அளவைப் பெரிய எழுத்திலும், தொடர்ந்து தாங்கும் அளவைச் சிறிய எழுத்திலும் அச்சிடுகிறார்கள். சிறிய எழுத்தையே படிக்க வேண்டும்.

எனவே விலைப்புள்ளி கேட்குமுன், எந்தெந்தக் கருவி ஓட வேண்டும் என்ற பட்டியலை நிர்வாகக் குழு தயாரிக்கட்டும். அவற்றுள் மிகுந்த பசியுள்ள கருவி எதுவோ, அதுவே அளவுகோல். பணம் கட்டுமுன் அதைக் கடைக்கே எடுத்துச் சென்று, மாட்டி, கிளப்பிப் பார்க்க வேண்டும். இதற்கு மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை. அதற்காக ஊருக்கே ஒளி தரும் பெரிய டீசல் இயந்திரத்தை வாங்கிவிடவும் கூடாது. இருவர் தூக்க முடியாதது கொல்லைக்குப் போகாது.

இனிச் சொல்வது உயிர் பற்றியது. வெளியே மழை பெய்கிறதென்று ஜெனரேட்டரைத் தறிவீட்டுக்குள் வைத்து ஓட்டும் ஆசை வரும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தறிக்குழியில் அமர்ந்திருப்பவர் மயங்கும்வரை அறியார். திண்ணையும் சன்னலோரமும்கூட ஆகா. வீட்டை விட்டு எட்ட, காற்றோட்டமான கூரையின் கீழ் வைக்க வேண்டும். வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் ஜெனரேட்டரின் கம்பியைச் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் தரும் வழக்கம் அதனினும் கொடியது. அந்த மின்சாரம் திரும்பிப் போய் மின்மாற்றியில் ஏறினால் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகும். மின்சாரம் நின்றதென்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் என்ன ஆவார்? கஜாவுக்குப் பின் வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து கம்பம் ஏறினார்கள். இணைப்பு மாற்றும் சுவிட்சு பொருத்தாத வீட்டில் கருவிகளை ஜெனரேட்டரிலேயே நேராக மாட்ட வேண்டும். வாடகைச் சீட்டில் இந்த நிபந்தனையை எழுதிக் கையொப்பம் வாங்குவது செயலாளரின் பொறுப்பு.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இந்தப் பொருள் வருமானால், அங்கத்தினர்கள் தத்தம் மோட்டார்களின் மேலுள்ள தகட்டில் கண்ட எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும்.