ரோஸி மீது கல்லெறிந்தவர்கள் யார்?

தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை செல்லும் சாலையில் புதுக்கோட்டை என்றோர் ஊர் இருக்கிறது. துறைமுகத்துச் சரக்கு ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் அந்த ஊரைக் கடந்து போகின்றன. அங்கே பஸ்ஸுக்கு நிற்கும் ஜனங்களின் முகங்களைப் பாருங்கள். உப்பளத்தில் உப்பு வாரிக் கண் கூசிப் போன முகங்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த முகங்கள். கடலில் வலை இழுத்த முகங்கள். மூச்சை அடக்கி முத்துக் குளித்தவர்களின் பேரப் பிள்ளைகளுடைய முகங்கள். அத்தனையும் கறுத்த முகங்கள். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்த நாட்டுக்கு உப்புப் போடுவது இந்த முகங்கள்தான்.

சினிமாத் தொழில் நடப்பதும் இவர்கள் கொடுக்கும் டிக்கெட் காசில்தான். ஆனால் திரையில் இவர்களுடைய முகம் எங்கே? வேலைக்காரியாக ஒரு நிமிஷம் வருகிறது. அடியாளாக வந்து அடிபட்டு விழுகிறது. சிரிப்பு நடிகர் கேலி செய்வதற்காக வருகிறது. காதலிக்கவும், ஜெயிக்கவும், கதையின் நடுவில் நிற்கவும் வேறொரு நிறம், வேறொரு முகம் வேண்டியிருக்கிறது.

"இது வெறும் ரசனை விஷயம்" என்கிறார்கள் சினிமாக் கனவான்கள். நாம் அதை ஒப்புக்கொள்ள முடியாது. ரசனை ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. அதை யாரோ உண்டாக்குகிறார்கள். கல்லாலும் நெருப்பாலும்கூட உண்டாக்குகிறார்கள். அதற்குச் சாட்சி தேடி வெகு தூரம் போக வேண்டாம். இதே தெற்குச் சீமையில், நாகர்கோவிலில், ராஜம்மாள் என்ற பெயரில் தன் கதையை மறைத்து வாழ்ந்து 1988-ல் கண்மூடிய ஒரு பெண் இருந்தார். அவருடைய பழைய பெயர் பி. கே. ரோஸி. மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி அவர்தான்.

புல் அறுத்த கை

ரோஸி திருவனந்தபுரத்தில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். புல் அறுத்துப் பிழைத்தவர். தமிழும் மலையாளமும் கலந்து நடக்கும் காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். "நல்ல குடும்பத்துப் பெண்கள்" சினிமாப் பக்கம் தலைவைத்துப் படுக்காத காலம் அது. அந்தக் காலத்தில் அவர் துணிந்து கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார்.

அவரை அழைத்து வந்தவர் ஜே. சி. டானியல். கன்னியாகுமரிக்கு அருகே அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். தம் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரம் பட்டத்தில் "திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்" என்ற ஸ்டூடியோவை ஆரம்பித்தார். அங்கே "விகதகுமாரன்" என்ற மௌனப் படத்தை எடுத்தார். கதாநாயகனும் அவரே, டைரக்டரும் அவரே. கதாநாயகி சரோஜினியாக ரோஸி நடித்தார். சரோஜினி ஒரு நாயர் பெண்.

படம் வெளியான ஆண்டு 1928 என்று சிலரும் 1930 என்று சிலரும் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். சோதித்துப் பார்க்க ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஆனால் முதல் காட்சியன்று நடந்ததைப் பற்றிச் சந்தேகமில்லை. திருவனந்தபுரம் காப்பிட்டல் கொட்டகையில் படம் திரையிடப்பட்டது. அதில் நடித்த கதாநாயகிக்குக் கொட்டகைக்குள் இடமில்லை! விழாவைத் தொடங்கி வைக்க வந்த வக்கீல், புலையப் பெண் உள்ளே இருந்தால் தாம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். படம் ஓடியது. கதாநாயகன் கதாநாயகியின் கூந்தல் பூவை முத்தமிடும் காட்சி வந்தது. கூச்சல் எழுந்தது. திரை மீது கல் பறந்தது. அதோடும் வெறி அடங்கவில்லை. ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் ஊரை விட்டு ஓடினார். நாகர்கோவில் பக்கம் போன ஒரு லாரி அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. அந்த லாரி டிரைவரையே மணந்துகொண்டு, பெயரை மாற்றி, வாயை மூடி, அவர் ஆயுளைக் கழித்தார். அவர் மறுபடி நடிக்கவே இல்லை.

"அறியாத ஜனங்கள்" என்னும் புளுகு

"பாவம், அக்கால ஜனங்களுக்கு அறிவு போதாது, அதனால் நடந்த துயரம்" என்று இன்றைக்குச் சிலர் கண்ணீர் விடுகிறார்கள். நாம் கேட்கிறோம்: எந்த ஜனங்கள்? 1930-ஐ ஒட்டிய திருவனந்தபுரத்தில் புதுப் படத்தின் முதல் காட்சிக்கு உள்ளே போனது யார்? வயலில் நாற்று நட்டவனா? கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தது நிலமும் உத்தியோகமும் படைத்த கூட்டம். ஆங்கிலம் படித்த கூட்டம். சட்டம் படித்த வக்கீலுக்கா அறிவு போதவில்லை?

அவர்கள் செய்தது அறியாமல் செய்த காரியமல்ல. நன்றாக அறிந்தே செய்தார்கள். திருவிதாங்கூரில் யார் எதை உடுத்தலாம், எந்த வழியில் நடக்கலாம், எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதெல்லாம் சாதிக் கணக்குப்படி நடந்து வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி 1859-ல்தான் ராஜ பிரகடனம் பெற்றார்கள். அய்யங்காளி 1893-ல் வில்வண்டி ஏறிப் பொதுப் பாதையில் போனதே பெருங்குற்றமாகப் பேசப்பட்டது. புலையப் பெண்கள் 1915-ல் பெரிநாட்டில் கல்மாலையை அறுத்தெறிந்தபோது அவர்களுடைய குடிசைகளும் எரிந்தன. கோவில் கதவு திறந்ததோ 1936-ல்தான். உடுப்பும் நகையும் அங்கே வெறும் அலங்காரமல்ல. யார் நிலத்துக்கு உடையவன், யார் அந்த நிலத்தில் மாடாய் உழைப்பவன் என்று காட்டும் முத்திரை அது.

அந்த முத்திரையை ரோஸி திரையில் பொய்யாக்கினார். நாயர் பெண்ணின் உடுப்பைப் புலையப் பெண் உடுத்தி நின்றாள்; நாயர் பெண்ணாகவே தெரிந்தாள்! அப்படியானால் மேல் சாதி என்பது என்ன? ஒரு முண்டும், கொஞ்சம் பூவும், நிற்கும் தோரணையும்தானே? சாதி ரத்தத்தில் இல்லை, வேஷத்தில் இருக்கிறது என்பதை அந்தத் திரை ஊரறியச் சொல்லிவிட்டது. நிலப்பிரபுத்துவத்துக்கு இதைவிட அபாயகரமான செய்தி வேறு உண்டா? கூலி கேட்டவனை அடித்த அதே கைதான் திரையின் மீதும் கல்லெறிந்தது.

அட்லாண்டாவும் திருவனந்தபுரமும்

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய வெட்கக்கேடு என்று எண்ண வேண்டாம். நாகரிகத்துக்குத் தாமே குத்தகைதாரர் என்று பேசும் அமெரிக்காவைப் பாருங்கள். ஹாட்டி மக்டேனியல் என்ற கறுப்பின நடிகை "கான் வித் தி விண்ட்" படத்தில் அடிமை வேலைக்காரியாக நடித்தார். 1939 டிசம்பரில் அட்லாண்டா நகரத்தில் படத்தின் முதல் காட்சி நடந்தது. நிறப் பாகுபாட்டுச் சட்டம் இருந்த ஊர். ஹாட்டி அந்த விழாவில் இல்லை. 1940-ல் அவருக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். பரிசளிப்பு விருந்தில் சக நடிகர்களுடன் அவரை உட்கார விடவில்லை. சுவரோரமாகத் தனி மேஜை போட்டார்கள். 1952-ல் அவர் இறந்தார். தாம் விரும்பிய ஹாலிவுட் கல்லறையில் ஆறடி மண்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பிரதான வேடத்துக்கான சிறந்த நடிகை பரிசு ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைக்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

பால் ராப்சனுக்கு என்ன செய்தார்கள்? 1935-ல் அவர் நடித்த "சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்" படத்தை ஏகாதிபத்தியத்துக்கு ஆலத்தி எடுக்கும் படமாக வெட்டி ஒட்டி வெளியிட்டார்கள். ராப்சன் அந்தப் படத்தைக் கண்டித்தார். 1940-ல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளிகளோடு தோள் சேர்ந்து நிற்கும் "தி பிரௌட் வேலி"யில் மனநிறைவோடு நடித்தார். கறுப்பின மக்களைக் கோமாளிகளாகக் காட்டும் ஹாலிவுட்டை 1942-க்குப் பின் உதறித் தள்ளினார். தொழிலாளிகளுக்காகவும் சமாதானத்துக்காகவும் பேசினார். உடனே 1950-ல் அமெரிக்க சர்க்கார் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. 1958 வரை எட்டு வருஷம் அந்தச் சிங்கக் குரல் கடல் தாண்ட முடியவில்லை.

ரோஸியைத் துரத்தியது தீப்பந்தம். ஹாட்டியை ஒதுக்கியது சட்டம். ராப்சனை அடைத்தது சர்க்கார் உத்தரவு. கருவிகள் வேறு, காரியம் ஒன்று. உழைக்கும் கறுத்த மனிதன் திரையில் முழு மனிதனாக நின்றுவிடக் கூடாது!

பூசிய கறுப்பு

அங்கே 1915-ல் "பர்த் ஆஃப் எ நேஷன்" படத்தில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களாக நடித்தார்கள். இங்கே என்ன நடந்தது? சேரிப் பண்ணையாள் நந்தனின் கதையைத் தமிழ் சினிமா விரும்பி எடுத்தது. 1935-ல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாரானார். 1942-ல் தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். இருவரும் ஈடு இணையற்ற பாடகர்கள்; அவர்களுடைய கலை மீது நமக்குக் குறையில்லை. ஆனால் நந்தனின் சேரியிலிருந்து ஒருவரையும் அந்த வேஷத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்று ஸ்டூடியோ முதலாளிகளுக்குத் தோன்றவில்லை. நந்தனின் கதை வேண்டும்; நந்தன் வேண்டாம்!

அது பழைய காலம் என்கிறீர்களா? 2019-ல் வந்த "சூப்பர் 30", "பாலா" ஆகிய ஹிந்திப் படங்களில் வெளுத்த நட்சத்திரங்களுக்குக் கறுப்புச் சாயம் அடித்துத்தான் ஏழை வாத்தியாரையும் கறுத்த பெண்ணையும் காட்டினார்கள். கறுத்த பெண் படும் அவமானத்தைச் சொல்லும் கதைக்குக்கூடக் கறுத்த பெண்ணுக்கு இடமில்லை!

இதற்குப் பின்னால் பணப்பெட்டி இருக்கிறது. 1975 முதல் ஒரு பெரிய கம்பெனி "ஃபேர் அண்ட் லவ்லி" என்ற களிம்பை நம் பெண்களுக்கு விற்றது. கறுப்பாயிருந்தால் வேலையில்லை, மாப்பிள்ளையில்லை என்று பயமுறுத்தி விற்றது. அந்தப் பயத்துக்குச் சினிமா விளம்பரப் பலகை ஆயிற்று. சினிமா நட்சத்திரங்கள் அதன் முகமானார்கள். 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்டைப் போலீஸ் கொன்றதும் உலகமெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. கம்பெனி என்ன செய்தது? "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "க்ளோ" என்று எழுதியது. லேபிள் மாறியது, வியாபாரம் நிற்கவில்லை.

ஜனங்கள் மீது பழி போடாதீர்கள்

"ஜனங்கள் கறுத்த முகத்தை விரும்ப மாட்டார்கள்" என்பது இந்தக் கூட்டத்தின் கடைசி வாதம். இதுவும் பொய். நமது மாவட்டத்துப் புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ் 2018-ல் "பரியேறும் பெருமாள்" எடுத்தார். 2024-ல் வாழைத்தார் சுமக்கும் சிறுவர்களின் கதையை "வாழை" என்று எடுத்தார். நம் கரிசல் வெயிலும், நம் நிறமும், நம் பேச்சும் அவற்றில் இருந்தன. ஜனங்கள் கல்லெறிந்தார்களா? கண் கலங்கிப் பார்த்தார்கள்! ஜனங்களின் ரசனை கெட்டுவிடவில்லை. முதலாளிகள்தான் அதற்குத் தீனி போட மறுக்கிறார்கள்.

ஆனால் ஒரு நல்ல படம் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது. "பரியேறும் பெருமாள்" படத்தில் கதாநாயகனின் தகப்பனாராக நடித்த நெல்லை தங்கராஜ் கிராமத்து மேடைகளில் பெண் வேஷம் கட்டி ஆடிய கூத்துக் கலைஞர். நாடே அவரைப் பாராட்டியது. ஆனால் அவரோ ஒழுகும் வீட்டில் இருந்துகொண்டு வெள்ளரிக்காய் விற்றுப் பிழைத்தார். பத்திரிகைகள் எழுதிய பிறகே உதவி வந்தது. 2023-ல் அவர் மறைந்தார். பாராட்டு வயிற்றை நிரப்பாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மாலை போதாது, வேலை வேண்டும்

இப்போது ரோஸிக்கு மாலைகள் விழுகின்றன. டானியல் 1975-ல் வறுமையில் இறந்தார். நலிந்த கலைஞருக்குரிய உதவித் தொகையைக்கூடக் கேரள சர்க்கார் அவருக்கு மறுத்தது. 1992 முதல் அவர் பெயரால் விருது! ரோஸி வாழ்ந்த காலத்தில் அவரைத் தேடி வர நாதியில்லை. 2013-ல் அந்தக் கதையைச் சொல்லி "செல்லுலாய்டு" என்ற படம். 2023 பிப்ரவரி 10-ல் கூகுள் கம்பெனியின் பக்கத்தில் அவருடைய சித்திரம்! ரோஸி பெயரால் 2019-ல் பெண்கள் சினிமா சங்கம் வைத்ததையும், சென்னையில் படவிழா நடத்துவதையும் நாம் மனமார வரவேற்கிறோம். போராடுகிறவர்கள் தங்கள் முன்னோடியின் பெயரை எடுத்துக்கொள்வது நியாயம். ஆனால் கதவை மூடி வைத்திருக்கும் முதலாளிகளும் அதே படத்துக்கு மாலை போடுவதை நம்மால் சகிக்க முடியாது.

செத்த ரோஸிக்குச் செய்யும் மரியாதை உயிரோடு இருக்கும் ரோஸிகளுக்கு வழிவிடுவதுதான். ஆகவே நாம் கேட்கிறோம்:

கறுத்த மனிதரின் கதைக்குச் சாயம் பூசிய நடிகரை நிறுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும்.

துணை நடிகர்களுக்கும் கிராமியக் கலைஞர்களுக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தமும், அன்றைய கூலி அன்றைக்கே கையிலும், குடிநீரும், கழிப்பிடமும், வீடு திரும்ப வாகனமும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

தரமணி திரைப்படக் கல்லூரியில் உப்பளத் தொழிலாளியின் மகளுக்கும் மீனவரின் மகனுக்கும் இடமும் உதவித் தொகையும் உறுதி செய்யப்பட வேண்டும்.

இவை பிச்சையல்ல, உரிமை. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வெள்ளை முதலாளியிடம் கூலி உயர்வை இரந்து வாங்கவில்லை. வேலை நிறுத்தம் செய்து வாங்கினார்கள். திரையில் நமக்குள்ள இடத்தையும் அப்படித்தான் வாங்க வேண்டும். அளத்துப் பெண்களே, துறைமுகத் தோழர்களே! டிக்கெட் வாங்கும் கை உங்களுடையது. அந்தக் காசுக்கு உங்கள் முகம் எங்கே என்று கணக்குக் கேளுங்கள்!