இலைப்பிளவு காட்டும் அடையாளம்

குளத்துச் செடிகளை இனம் பிரிக்க முற்படுவோர் பூவையே முதற்சான்றாகக் கொள்வது வழக்கமாயினும், பூ சில நாள்களே நிற்பதாலும், செந்தாமரையும் செவ்வாம்பலும் கரையிலிருந்து காண்போருக்கு ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதாலும், இலையிலிருந்து தொடங்குவதே நம்பத்தக்க முறையாகும்.

தாமரையின் காம்பு வட்ட இலையின் அடிப்புறத்தில், நடுவில் வந்து பொருந்துகிறது. இத்தகைய இலையைக் கேடய வடிவ இலை என்பர். ஆம்பல் இலையிலோ விளிம்பிலிருந்து காம்பு சேரும் இடம்வரை ஆழமான பிளவு ஒன்று ஓடுகிறது. தாமரை இலை நீருக்கு மேல் எழுந்து நிற்கும், ஆம்பல் இலை மிதக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழுதும் சரியன்று. தாமரையின் இளம் இலைகளும் மிதப்பவையே என்பதால், உயரத்தை விட்டுப் பிளவையே நோக்க வேண்டும்.

ஆம்பல்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. இரவில் மலரும் வெள்ளாம்பல், செவ்வாம்பல் ஆகியவற்றின் இலை விளிம்பில் கூரிய பற்களும் அடிப்புறத்தில் மென்மயிரும் இருக்க, பகலில் மலரும் நீலாம்பலின் இலையடியோ வழவழப்பானது. இலங்கையின் தேசிய மலர் இந்த நீலாம்பலே.

இலை மட்டுமே போதாத இடமும் உண்டு. நிம்ஃபாய்டிஸ் என்னும் பேரினத்துச் சிறுகொடிகளின் இலையும் ஆம்பல் இலை போலவே பிளவுபட்டிருப்பதால், அங்கே பூவைத்தான் நாட வேண்டும்: ஆம்பலின் பூக்காம்பு சேற்றிலுள்ள கிழங்கிலிருந்து தனியே எழ, இக்கொடியின் சிறு பூக்கள் இலையை ஒட்டி அதன் அடியிலிருந்து கொத்தாகத் தோன்றுகின்றன, நம் குளங்களில் காணப்படும் வெண்ணிற வகையின் இதழ்கள் பஞ்சிழை போன்ற மயிர் நிறைந்தவை.

காய்களும் ஐயத்தைத் தீர்க்கும். தட்டையான மேற்பரப்பில் குழிகள் கொண்டு விதைகளைத் தாங்கும் தாமரையின் பூத்தளம் நீருக்கு மேலே முதிர, ஆம்பலின் காய் நீருக்குள் அமிழ்ந்து பழுக்கிறது. உண்மையில் இவ்விரண்டும் நெருங்கிய உறவினவல்ல. மரபணு ஆய்வுகளின்படி, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரமே ஆம்பலைக் காட்டிலும் தாமரைக்கு நெருங்கிய உறவு என்பது வியப்புக்குரிய செய்தி.

பெயரில் மட்டும் தாமரையான வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது; உப்பிய காம்பும், மேலிதழில் மஞ்சள் பொட்டு கொண்ட இளம் ஊதாப் பூவும் அதை எளிதில் காட்டிக்கொடுக்கும். குளத்தைத் தூய்மை செய்ய இறங்குவோர் அதனை வேரோடு அகற்றட்டும். ஆனால், பிளவுண்ட இலையோ கேடய இலையோ கண்ணில் பட்டால், அவற்றையும் களையென்று எண்ணி வாரிக் கரையில் போட்டுவிட வேண்டாம்.