வயித்துக்கு வளையம் போட்டா போதுமா?

தஞ்சாவூர்ப் பக்கம் விருந்து சாப்பிட்டிருக்கீங்களா? "போதும்"னு இலைக்கு மேல கையை நீட்டினாலும் விரல் இடுக்கு வழியா சாதம் விழும். அப்படிப்பட்ட ஊர்ல வயித்துக்கு வளையம் மாட்டிக்கிட்டு வாழ்ந்த ஒருத்தரைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

எங்க பெரியம்மா பையன், திருவையாறு பக்கம். 118 கிலோ, சர்க்கரை, மூட்டுவலி. 2008-ல சென்னைக்குப் போய் 'கேஸ்ட்ரிக் பேண்ட்' வெச்சுக்கிட்டார். இரைப்பையோட மேல்பகுதியைச் சுத்தி ஒரு சிலிக்கான் வளையம். அதிலேர்ந்து ஒரு குழாய், தோலுக்கடியில ஒரு குமிழ். குமிழ்ல ஊசியால உப்புத்தண்ணி ஏத்தினா வளையம் இறுகும், எடுத்தா தளரும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சுடும். அமெரிக்காவுல 2001-ல அனுமதி கிடைச்சு, அப்போ ஓகோன்னு ஓடின வைத்தியம் இது.

முதல் வருஷம் 20 கிலோ குறைஞ்சார். "சோம்பேறி வைத்தியம்"னு ஊர் சிரிச்சுது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னிக்கும் எரிச்சல்தான். கத்திக்குப் படுக்கிறது சோம்பேறித்தனமா?

அப்புறம்தான் சிக்கல். சாதம் வளையத்துல திரண்டு அடைச்சுக்கும், உடனே வாந்தி. ஆனா பாயசமும் அசோகாவும் சமத்தா வழுக்கிக்கிட்டு இறங்கிடும்! வளையத்துக்கு கலோரி கணக்கு தெரியாதே. சொந்தபந்தம் சும்மா இருக்குமா? "சாதம்தான் இறங்கல, இதையாவது சாப்பிடுப்பா"ன்னு டம்ளர் டம்ளரா பாயசம். வளையத்தைச் சரிபண்ண ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு ராத்திரி பஸ். அறுப்பு நேரத்துல யார் போவா? அஞ்சாம் வருஷம் வளையம் நழுவி, எடுக்க வேண்டியதாப் போச்சு. எடையும் பழையபடி ஏறிடுச்சு.

அண்ணனுக்கு மட்டும் இல்லை. நழுவல், அரிப்பு, மறு ஆபரேஷன்னு உலகம் முழுக்கவே பேண்டுக்கு மவுசு போயிடுச்சு. இப்போ இரைப்பையில பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற 'ஸ்லீவ்', இல்லேன்னா 'பைபாஸ்'. நிதின் கட்கரி 2011-லயும் அருண் ஜேட்லி 2014-லயும் எடைக்கான ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கதான். தேவைப்பட்டவங்களுக்கு இது நல்ல வைத்தியம். பல பேருக்கு சர்க்கரையும் கட்டுக்குள்ள வருது. நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்லை.

என் கட்சி வேற. ஆபரேஷன் ஒருத்தருக்கு, சமையல் வீட்டுக்கே. இந்தியர்கள் சாப்பிடற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துன்னு 2025-ல ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லிச்சு. டெல்டாவுல கேக்கவே வேணாம், மூணு வேளையும் அரிசி. நாத்து நட்டு, களை பறிச்சு, கதிர் அறுத்த காலத்து அளவு அது. இப்போ வயல்ல மெஷின் இறங்கிடுச்சு. கரண்டி அளவு மட்டும் இறங்கவே இல்லை.

அண்ணன் இப்போ ஸ்லீவ் பண்ணிக்கலாமான்னு கேக்கப் போனார். புது டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்ல யார் சமைக்கிறாங்க? அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க." அண்ணி போயிட்டு வந்தாங்க. இந்தப் பொங்கலுக்கு அவர் இலையில ஒரே ஒரு கரண்டி பொங்கல். பெரியம்மா ரெண்டாவது கரண்டியோட வந்தப்போ, அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பெரியம்மாவுக்குக் கோவம்தான்.

"போதும்"னு ஒருத்தர் சொன்னா கரண்டியை எடுத்துடுங்க மக்களே. அதுவும் உபசாரம்தான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஸ்லீவோ பைபாஸோ, பண்ணிக்கிட்டா பி12, இரும்புச்சத்தெல்லாம் ஆயுசுக்கும் பாத்துக்கணும். விளம்பரத்தைப் பாத்து ஓடாம, நல்ல டாக்டரா பாத்துக் கேளுங்க.