சோலைக்கிளி: பட்டியலில் இடம் உண்டு, திட்டத்தில் இல்லை

புது தில்லி: அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கென மத்திய அரசு நடத்திவரும் மீட்புத் திட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இடம்பெற்றுள்ளன. கானமயில், பிணந்தின்னிக் கழுகுகள், நீலகிரி வரையாடு, பனிச்சிறுத்தை என நீளும் அப்பட்டியலில் பாடும் பறவை ஒன்றுகூட இல்லை. தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்ட மலைகளில் வாழும் சோலைக்கிளிகளின் நிலையை ஆராயும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது.

பெயரில் கிளி என்று இருந்தாலும் இது கிளியினம் அன்று. சிறு பறவை எதனையும் கிளி என அழைப்பது மலையாள வழக்கு. ஏறத்தாழ 15 செ.மீ. நீளமும் கருநீல நிறமும் உடைய இப்பறவை, உயர்ந்த மலைகளின் சோலைக்காடுகளில் தரையோரப் புதர்களிடையே பூச்சிகளை உண்டு வாழ்கிறது. மரப்பொந்துகளிலும் மண்சரிவுகளின் குழிகளிலும் கூடு கட்டுகிறது. நெடுந்தொலைவு பறந்து புதிய இடம் தேடும் இயல்பு இதற்கு இல்லை. உலகில் வேறெங்கும் இல்லாமல் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே காணப்படுகிறது.

கணவாயே எல்லை

நீலகிரியிலும் பழனி மலையிலும் வாழும் சோலைக்கிளிகளை 19-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் இரண்டாகவே விவரித்தனர். பின்னர் வந்த வகைப்பாட்டாளர்கள் அவற்றை ஒரே இனமாக இணைத்தனர். பல பத்தாண்டுகள் நீடித்த அக்கருத்தை மரபணு ஆய்வுகள் மாற்றின. 2010-இல் வெளியான ஆய்வு, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள பறவைகள் மிக நெடுங்காலமாகவே பிரிந்து வாழ்ந்து வருவதைக் காட்டியது. 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இவை உலகின் வேறெந்தப் பறவைப் பேரினத்திலும் அடங்காதவை எனக் கண்டு, ‘ஷோலிகோலா’ என்னும் புதிய பேரினத்தை உருவாக்கியது. சோலை என்னும் சொல்லே அப்பெயரின் வேர்.

இதன் பொருள் எளிது. சோலைக்கிளியைப் பொருத்தவரை உண்மையான எல்லை வாளையாறு சோதனைச் சாவடி அன்று. 30 முதல் 40 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயே. குளிர்ந்த மலையுச்சிக்குப் பழகிய இப்பறவையால் வெப்பமான அத்தாழ்நிலத்தைக் கடக்க இயலாது. கணவாய்க்கு வடக்கே நீலகிரி, அமைதிப் பள்ளத்தாக்கு உள்ளிட்ட மலைகளில் வாழ்வது பழுப்புச் சிவப்பு விலாவுடைய நீலகிரிச் சோலைக்கிளி. தெற்கே ஆனைமலை, மூணாறு, பழனி மலைகளில் வாழ்வது வெண்வயிற்றுச் சோலைக்கிளி.

இரண்டும் ஒன்றே எனக் கருதப்பட்ட காலத்தில், ஒரு மலையில் பறவை மறைந்தாலும் மறு மலையில் உள்ளது என்று ஆறுதல் கொள்ள முடிந்தது. இன்று அது முடியாது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் செம்பட்டியலில் நீலகிரிச் சோலைக்கிளி ‘அருகிய இனம்’ என்றும், வெண்வயிற்றுச் சோலைக்கிளி அதற்கு அடுத்த நிலையான ‘அழிவாய்ப்பு இனம்’ என்றும் வைக்கப்பட்டுள்ளன. ஓர் இனத்தின் பரவல் எல்லை 5,000 சதுர கி.மீ.க்குக் குறைந்து, வாழிடமும் துண்டுபட்டுத் தொடர்ந்து நலிந்துவந்தால் அதனை ‘அருகிய இனம்’ எனக் கொள்ளலாம் என்பது செம்பட்டியலின் விதிகளுள் ஒன்று. தலைகளை எண்ணி மட்டுமே நிலை தீர்மானிக்கப்படுவதில்லை, நிலப்பரப்பும் அளவுகோலாகிறது.

தீவுகளுக்குள் தீவுகள்

இடுக்கியின் வடகிழக்கு எல்லையில் இந்த நிலப்பரப்புச் சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. இரவிகுளம் தேசியப் பூங்காவின் பரப்பு 97 சதுர கி.மீ. ஆனால் ஆனைமுடிச் சோலைப் பூங்காவின் பரப்பு 7.5 சதுர கி.மீ. மட்டுமே. வட்டவடை அருகே, கொடைக்கானல் வனப்பகுதியை ஒட்டியுள்ள பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவோ 1.32 சதுர கி.மீ.தான். தேசியப் பூங்கா என்ற பெயருக்கும் அதன் அளவுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது.

சோலைகள் இயல்பாகவே புல்வெளிகளுக்கிடையே சிறு திட்டுகளாக அமைந்தவை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மூணாறில் பரவிய தேயிலைத் தோட்டங்களும், பின்னர் நடப்பட்ட யூகலிப்டஸ், சீகை மரங்களும், குடியேற்றங்களும் அத்திட்டுகளை மேலும் பிரித்துவிட்டன. 2015-இல் வெளியான ஆய்வு, இந்த அண்மைக் காலப் பிளவுகளாலேயே சோலைக்கிளிகளின் மரபணுக் கலப்பு குறைந்துள்ளதைச் சுட்டிக்காட்டியது. கணவாய் பிரித்ததற்கு இயற்கை பல லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. தோட்டங்களும் சாலைகளும் பிரித்ததற்கு ஒரு நூற்றாண்டே போதுமானதாக இருந்தது.

பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளும் சிக்கல் உண்டு. எல்லைக்கு அப்பால் பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதை 2018-இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டியது. சோலையைச் சூழ்ந்த புல்வெளி மறைந்து அந்நிய மரங்கள் நெருக்கும்போது சோலையின் நீரும் இயல்பும் மாறுகின்றன. அதேநேரத்தில், கைவிடப்பட்ட சீகைத் தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் முளைத்து வருகின்றன. ஆகவே அந்நிய மரங்கள் அனைத்தையும் ஒரேயடியாக வெட்டுவதும் தீர்வாகாது. எதை எங்கே அகற்றுவது என்பதை இடத்துக்கு இடம் முடிவுசெய்ய வேண்டும். தமிழக அரசு 2022-இல் அந்நியத் தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட்டது. கேரள வனத்துறை, வட்டவடை அருகே பழத்தோட்டத்தில் உள்ளூர் மக்களின் துணையுடன் சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணியை மேற்கொண்டது. இரண்டும் ஒரே மலைத்தொடரில் நடப்பவை. ஒரே திட்டமாக நடப்பவை அல்ல.

ஆறு வரைவுகள்

வாழிடத்தைக் காக்கும் பெரிய ஏற்பாடு தில்லியில்தான் தேங்கியது. மாதவ் காட்கில் குழு 2011-இலும், கஸ்தூரிரங்கன் குழு 2013-இலும் அறிக்கை அளித்தன. இடுக்கியில் 2013-இல் கடும் போராட்டங்கள் நடைபெற்றன. குடியேற்ற விவசாயிகளின் நிலவுரிமை பறிபோகும் என்ற அச்சமே அவற்றின் அடிப்படை. 2014 மக்களவைத் தேர்தலில் இடுக்கித் தொகுதியின் முடிவையே அப்போராட்டம் தீர்மானித்தது. கேரளத்தில் கஸ்தூரிரங்கன் குழு 13,108 சதுர கி.மீ. எனப் பரிந்துரைத்த சூழல் கூருணர்வுப் பரப்பு, வரைவு அறிவிக்கைகளில் 9,993.7 சதுர கி.மீ.யாகக் குறைந்தது. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31-இல், வயநாடு நிலச்சரிவுக்கு மறுநாள் வெளியானது. பத்தாண்டுகளில் ஆறு வரைவுகள். அவற்றுள் ஒன்றும் சட்டமாகவில்லை.

விவசாயிகளின் அச்சத்தை அலட்சியப்படுத்திவிட்டுக் காட்டைக் காக்க முடியாது என்பதே இதிலிருந்து பெறும் பாடம். ஆனால் சோலைக்கிளிக்குத் தேவையானது பெரும்பாலும் விளைநிலம் அன்று. ஏற்கெனவே வனத்துறை வசமுள்ள சோலைத் திட்டுகளையும், அவற்றுக்கிடையே தோட்ட நிறுவனங்களின் பொறுப்பில் எஞ்சியுள்ள சிறு காடுகளையும் இணைத்துப் பேணினாலே பெரும்பகுதி நிறைவேறும். அதற்கு யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை.

வரையாடு காட்டும் வழி

இதற்கு முன்னுதாரணம் உண்டு. தமிழக அரசு 2022-இல் ரூ.25.14 கோடியில் நீலகிரி வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 2025 ஏப்ரலில் தமிழகமும் கேரளமும் ஒரே நேரத்தில் வரையாடுகளைக் கணக்கெடுத்தன. எல்லையைத் தாண்டித் திரியும் விலங்கை இரு மாநிலங்களும் தனித்தனியே எண்ணுவதில் பயனில்லை என்பதை இரண்டும் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. வரையாடு மேயும் புல்வெளியின் மடியில்தான் சோலையும் சோலைக்கிளியும் உள்ளன. அதே குழுக்கள், அதே மலைகளில் பாட்டொலியைக் கொண்டு இப்பறவையையும் ஒரே முறையில் கணக்கெடுப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

கணவாயின் இருபுறத்தையும் தனித்தனி அலகாகக் கொண்டு, மாநில எல்லையைப் பொருட்படுத்தாமல் திட்டமிட வேண்டும். மத்திய அரசின் மீட்புத் திட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாடும் பறவைகளுக்கும் இடமளிக்க வேண்டும். செம்பட்டியலில் பெயர் சேர்வது எச்சரிக்கை மட்டுமே. அது பாதுகாப்பு ஆகாது. வடக்கே உள்ள பறவை அழிந்தால் தெற்கிலிருந்து கொண்டுவந்து ஈடுசெய்ய முடியாது என்பதை அறிவியல் உறுதிசெய்துவிட்டது. இனி முடிவெடுக்க வேண்டியவை அரசுகளே.