எலும்பு மாத்திரையும் பல் கம்பியும்



விம்கோ நகர் என்னும் பெயரைத் திருவொற்றியூரில் அறியாதார் இல்லை. 1923-இல் தோன்றிய தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர் அது. இன்றும் ரயில் நிலையத்தில் நிலைத்திருக்கிறது. அந்நிறுவனம் தோன்றுமுன்னரே, 1913-இல், வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளை இந்தியச் சட்டம் தடுத்துவிட்டது. காரணம் கொடியது. அப்பாஸ்பரஸின் புகையைச் சுவாசித்த ஐரோப்பியத் தொழிலாளர்க்குத் தாடையெலும்பு உயிரற்று அழுகியது. அவர்களுள் பலர் ஏழைப் பெண்கள். 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் இந்நோயைப் பற்றிய பேச்சு எழுந்தது.

இப்பழங்கதை இப்போது எதற்கு என்பீர்கள். 2003-இல் ராபர்ட் மார்க்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், அதையொத்த தாடைப் புண்ணைச் சில நோயாளிகளிடம் கண்டு எழுதினார். அவர்கள் பிஸ்பாஸ்போனேட் என்னும் மருந்தை ஊசி வழியாகப் பெற்றவர்கள், பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். அவ்வகை மருந்தையே குறைந்த அளவில், எலும்பு மெலிந்த நம் தாய்மார்க்கும் மருத்துவர் தருகின்றனர். வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும், ஆண்டுக்கொருமுறை ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலமும் இவ்வினமே. அஞ்ச வேண்டாம்: இக்குறைந்த அளவில் தாடைப் புண் வருவது பத்தாயிரம் பேரில் ஒரு சிலருக்கே. ஆயினும் பல்லுக்குக் கம்பி கட்ட எண்ணுவோர் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

பல் எவ்வாறு நகர்கிறது? கம்பி இழுக்கும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் வழி விடுகின்றன. மறுபக்கத்தில் வேறு உயிரணுக்கள் புதிய எலும்பை வளர்க்கின்றன. இவ்விரு வேலையும் ஒத்து நடந்தால் பல் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகரும். எலும்பு மருந்தோ அந்தக் கரைக்கும் உயிரணுக்களையே அடக்குகிறது. இடுப்பெலும்புக்கு அது நன்மை. கம்பி கட்டிய பல்லுக்குத் தடை. பல் மெதுவாக நகரும், சில வேளை நகராமலே நிற்கும். இடம் உண்டாக்கப் பல்லைப் பிடுங்கினால் அப்புண் ஆறவும் தாமதமாகலாம். மாத்திரையை நிறுத்திய பின்னும் மருந்து எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும்.

பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, ஐம்பதாம் வயதில், மகளின் சம்பளத்தில் தன் பல்வரிசையைச் சீர்செய்ய விரும்பும் தாயை நகைப்போர் உளர். அந்நகைப்பு எனக்கு உடன்பாடன்று. கோணிய பல்லிடுக்கில் அழுக்குத் தங்கினால் ஈறு கெடும் அன்றோ?

ஆனால், "வேறு மருந்து உட்கொள்கிறீர்களா அம்மா?" என்று பல் மருத்துவர் வினவும்போது, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உண்பவற்றையே நம்மவர் சொல்வர். வாரம் ஒருநாள் மாத்திரை நினைவுக்கு வராது. சென்ற ஆண்டு ஏற்றிய ஊசியைக் கேட்கவே வேண்டாம். இடுப்புக்குப் போட்ட ஊசிக்கும் பல்லுக்கும் என்ன உறவு என்று எண்ணுவதும் இயல்பே. ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு உண்டதால் எலும்பு மெலிந்து, இம்மருந்தைப் பெறும் இளவயதினரும் இருக்கின்றனர்.

வேறொரு தவறு இதனினும் பெரிது. கம்பிக்காகத் தாமே எலும்பு மருந்தை நிறுத்திவிடுவது! ஆறு மாதத்திற்கொருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை மாற்று மருந்தின்றி நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். நேரான பல்லுக்காக முதுகை விலையாகக் கொடுப்பாருண்டோ? நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருந்தெழுதிய மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்தே தீர்மானிக்க வேண்டும்.

எலும்பு மருந்து இன்னும் தொடங்கவில்லையெனில் முதலில் பல்லைக் காட்டுங்கள். பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, புண் ஆறிய பின் தொடங்கலாம். ஏற்கெனவே உண்பவர்கள் பழைய சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கோட்டை ரயில் நிலையத்தருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல்லைப் பிடுங்காமல், மெல்லிய விசையில், கூடுதல் காலம் எடுத்துக் கம்பி கட்ட முடியுமா என்று அங்கே கேளுங்கள். சிலருக்கு, கோணலை அப்படியே விட்டு ஈற்றை மட்டும் பேணுங்கள் என்று மருத்துவர் கூறவும் கூடும்.