துப்பாக்கியின் இரு முனையிலும் ஏழையே!

ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் நம் மலைவாழ் மக்களுக்கு பஸ்தார் தூரத்து ஊர். ஆனால் காட்டை நம்பி வாழும் ஜனங்கள்மீது யுத்தம் ஏவப்பட்டால் என்ன நேரும் என்பதை அவர்கள் அறிந்தே ஆகவேண்டும்.

2005 ஜூனில் சத்தீஸ்கரின் தென்பகுதியில் 'சல்வா ஜுடும்' கிளப்பப்பட்டது. மாவோயிஸ்டுகளுக்கு எதிராக மக்கள் தாமாகவே திரண்டார்கள் என்றது பாரதிய ஜனதா சர்க்கார். முன்னின்று நடத்தியவரோ காங்கிரஸ் எதிர்க்கட்சித் தலைவர் மகேந்திர கர்மா! சட்டசபையில் எதிரும் புதிருமாய் அமர்ந்தவர்கள் ஆதிவாசியை விரட்டுவதில் கைகோத்துக் கொண்டனர். டாட்டா, எஸ்ஸார் முதலாளிகளுடன் உருக்காலை ஒப்பந்தங்கள் கையெழுத்தானதும் அதே ஆண்டில்தான்.

பலன் என்ன? 600க்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாயின. குடிசைகள் கொளுத்தப்பட்டன. சுமார் 50,000 பேர் சாலையோர முகாம்களில் அடைபட்டனர். பல்லாயிரம் பேர் அன்றைய ஆந்திரப் பிரதேசத்துக் காடுகளுக்கு ஓடினர்.

ஆயுதம் ஏந்தியவன் யார்? அவனும் ஆதிவாசி இளைஞனே. ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதுமென்று சேர்த்து, மாதம் 3,000 ரூபாய்க்கு 'சிறப்புப் போலீஸ் அதிகாரி' என்று பட்டம் சூட்டி, சொந்த ஊருக்கு எதிராகவே அவனை நிறுத்தினார்கள். 2007 மார்ச்சில் ராணிபோத்லி போலீஸ் முகாமில் மாவோயிஸ்டுகள் 55 பேரைக் கொன்றார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் இத்தகைய இளைஞர்களே. 2010 ஏப்ரல் 6 அன்று தாட்மெட்லாவில் 76 ஜவான்கள் மடிந்தனர். சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளைக் கொன்று குவிப்பதா புரட்சி? இதனால் ஒரு மில் முதலாளிக்காவது நஷ்டமுண்டா? அடுத்த அடக்குமுறைக்கு வழி திறந்ததுதான் மிச்சம். அன்று கம்யூனிஸ்ட் தலைவராயிருந்த மனிஷ் குஞ்சாம் போன்றோர் சல்வா ஜுடுமை எதிர்த்து மக்களைத் திரட்டிய பாதையே சரியான பாதை.

2011 ஜூலை 5 அன்று சுப்ரீம் கோர்ட், ஆதிவாசி இளைஞர்களை இவ்விதம் ஆயுதபாணிகளாக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. சர்க்கார் என்ன செய்தது? அதே ஆண்டில் புதுச் சட்டம் போட்டு, அதே இளைஞர்களைத் துணைப்படையாக்கிக் கொண்டது!

நம் மலைக்கும் இதில் பாடமுண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 தமிழ்க் கூலிகளில் ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் உண்டு. பிழைப்பில்லாமல் மலையிறங்கியவன் பிணமானான். செம்மரக் கடத்தலில் கோடி சேர்த்த பெரும்புள்ளி அந்தக் காட்டில் சாகவில்லை.

எனவே நாம் கோருகிறோம்: 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உழுபவனுக்குப் பட்டா கொடு! மலையிலேயே வேலையும் விளைபொருளுக்கு நியாய விலையும் கொடு! பஸ்தாரில் விரட்டப்பட்டோரை அவரவர் நிலத்தில் குடியேற்று! நிலமும் கூலியும் கேட்பவனுக்குத் துப்பாக்கி பதிலாகாது. ஏழையின் கையில் ஆயுதம் கொடுத்து ஏழையைச் சுடச் செய்யும் சூழ்ச்சியை மலைமக்களும், சீருடை அணிந்த அவர்தம் சகோதரர்களும் ஒன்றுபட்டு முறியடிக்க வேண்டும்.