வாய்தாவே போதும்

அவதூறு வழக்கு போடும் ஆட்சியாளருக்குத் தீர்ப்பைப் பற்றிக் கவலையில்லை. வாய்தா கிடைத்தால் போதும். நிருபரும் ஆசிரியரும் மாதக்கணக்கில் கோர்ட் படியேறி, வக்கீலுக்கும் பயணத்துக்கும் அழுதால், அடுத்த செய்தியின் கூர்மை தானாகவே மழுங்கிவிடும். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ இதழ் முனைந்த வழக்கில், தங்கள் பெயர் கெடும் என்று அஞ்சி அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடை போட முடியாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால், அச்சாகி வெளிவந்த பிறகு? குற்றவியல் அவதூறுப் பிரிவு செல்லும் என்று அதே நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த அந்தப் பிரிவு, இரண்டாண்டுச் சிறையையும் சுமந்துகொண்டு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாகக் குடிபெயர்ந்திருக்கிறது. எழுதியது உண்மை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. பொதுநலனுக்காகத்தான் எழுதினோம் என்றும் காட்டியாக வேண்டும். (உண்மையைச் சொல்ல ஏன் கூடுதலாக ஒரு சான்றிதழ்?) பத்திரிகைகள் மீது தமிழக அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் பலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் ரத்து செய்தது. அவற்றில் 2012இல் போட்டவையும் உண்டு! பொய் எழுதிப் பெயரைக் கெடுத்தால் நஷ்டஈடு கேட்க சிவில் நீதிமன்றம் இருக்கிறது. அதற்குச் சிறைக்கம்பி எதற்கு? இலங்கை 2002இலேயே குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது. நமக்கு இந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்த பிரிட்டனில்கூட 2010 முதல் அது கிடையாது.